படம் கீறுமுன் யாரைக் கேட்டீர்கள்?

படுவான்கரையில் ஒரு மீள்குடியேற்றக் கிராமம். அதன் பெயர் இங்கு வேண்டாம். அங்கே ஒரு பொதுநோக்கு மண்டபம் இருக்கின்றது. அறுபது அடி நீளம், முப்பது அடி அகலம், சீமெந்துக் கல்லுச் சுவர், அஸ்பெஸ்ரஸ் கூரை, ஒரு முனையில் மூன்றடி உயரத்தில் மேடை. திறப்பு விழாவன்று நாடா வெட்டினார்கள், நன்கொடையாளரின் பெயர்ப்பலகைக்குத் திரை நீக்கினார்கள், எல்லோருக்கும் குளிர்பானம் கொடுத்தார்கள். இப்போது அதற்குள் பசளைப் பைகளும், யாரோ ஒருவருடைய உழவு இயந்திரத்தின் உடைந்த பெட்டியும் கிடக்கின்றன. மாதர் சங்கம் கூட்டம் கூடுவது பக்கத்து மருதமரத்தின் கீழேதான். இந்தக் கதையைப் பிறர்மேல் குறையாகச் சொல்ல எனக்கு உரிமையில்லை. அந்த மண்டபத்தைக் கட்டிய குழுவில் நானும் இருந்தேன். வரைபடத்தில் ஒப்பமிட்டவர்களுள் நானும் ஒருவன்.

திறப்பு விழா முடிந்து சில நாட்களின் பின் வயது முதிர்ந்த அண்ணாவியார் ஒருவர் மண்டபத்தைப் பார்க்க வந்தார். கையிரண்டையும் முதுகில் கட்டிக்கொண்டு உள்ளே ஒருமுறை நடந்தார். மேடையின் விளிம்பைக் கையால் தட்டிப் பார்த்தார். பிறகு என்னிடம், "சாமி, நம்மட சனம் நாலு பக்கமும் இருந்து கூத்துப் பாக்கிற சனம். இதுக்குள்ள ஒரு பக்கந்தானே இருக்கு?" என்றார். நான் பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். "கட்ட முந்தி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் வரைபடம் கீறிய மாதங்களில் அவர் இருநூறு யார் தூரத்தில், தறப்பாள் கொட்டிலில்தான் இருந்தார். நாங்களோ படம் கீறுபவரை நகரத்திலிருந்து வாகனம் வைத்து அழைத்து வந்தோம்.

எமது கூத்தின் களரி வட்டமானது என்பதை வாசகர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நடுவே அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்பார். அவரைச் சுற்றி ஆடுவார்கள். ஆடுவோரைச் சுற்றிச் சனம் பாயோடும் பிள்ளைகளோடும் விடியும்வரை இருக்கும். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தைச் சுருக்கி, படச்சட்ட மேடைக்கு ஏற்றவாறு அமைத்துப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுசென்றார். அது தேவையான பணியே, அதனால் கூத்துக்கு நாடெங்கும் மதிப்புக் கிடைத்தது. ஆனால் அவர் என்ன செய்கிறோம் என்று அறிந்து செய்தார். நாங்கள் அறியாமலே செய்தோம். வட்டமாய் இருந்து பழகிய ஊருக்கு ஒற்றைப் பக்க மேடையைக் கட்டிக் கொடுத்தோம். மழை பெய்தால் அந்தக் கூரைக்குக் கீழே பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது, பாட்டு எப்படிக் கேட்கும்? மண்டபம் பசளைக் களஞ்சியமாகிப் போனதில் சனத்தின் மேல் என்ன பிழை?

பொது இடம் ஒன்றை அமைக்கத் தொடங்கும்போதே, நிலம் அளக்குமுன், படம் கீறுமுன், கலைஞரை அழைக்க வேண்டும் என்பதே நான் சொல்ல வந்த விடயம். இப்போது நடப்பது இதற்கு நேர்மாறானது. எல்லாம் கட்டி முடிந்த பிறகு, மதிப்பீட்டில் மிஞ்சிய பணத்தில், "சுவரில் இரண்டு படம் கீறுவோம்" என்று ஓவியர் ஒருவரைத் தேடுகிறோம். அவரும் வந்து ஒரு மயிலையும் உதயசூரியனையும் கீறிவிட்டுப் போகிறார். அடுத்த மாரியில் பாசி பிடித்து மயில் கறுத்துப் போகிறது.

கலைஞர் என்றால் யாரோ பட்டம் பெற்றுக் கொழும்பில் கண்காட்சி வைப்பவர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்களும் கலைஞர்களே. ஆனால் எமது முகாம்களிலும் குடியேற்றங்களிலும் அண்ணாவியார்கள் இருக்கிறார்கள். கோயில் வேலை செய்த சிற்பாசாரியின் பிள்ளைகள் இருக்கிறார்கள். தச்சர், குயவர், பன்னும் பனையோலையும் இழைக்கும் பெண்கள், கோலம் போடுபவர்கள், தேர் சோடிப்பவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். நிவாரணப் பதிவில் இவர்கள் எல்லோருக்கும் தொழில் "விவசாயம்" அல்லது "கூலி" என்றே எழுதப்பட்டிருக்கும். பொய்யல்ல. வயலும் செய்வார்கள்தான். ஆனால் அந்த ஒரு சொல்லோடு ஒரு ஊரின் மற்றைய கைகள் எல்லாம் பதிவிலிருந்து மறைந்துவிடுகின்றன.

முன்பு இப்படி இருக்கவில்லை. கோயில் கட்டுவதானால் நிலம் பார்ப்பதற்கே ஸ்தபதியை அழைத்தார்கள், கோபுரம் முடிந்த பிறகு வர்ணம் பூச மட்டும் அழைக்கவில்லை. கோயிலை விடுங்கள். யாழ்ப்பாணத்துப் பழைய தெருவோரங்களில் இன்றும் சில இடங்களில் சுமைதாங்கிக் கல்லையும் ஆவுரஞ்சிக் கல்லையும் காணலாம். தலைச்சுமையோடு வருபவர் இன்னொருவர் கைகொடாமலே சுமையைச் சரித்து வைக்கக்கூடிய உயரத்தில் சுமைதாங்கி நிற்கும். பிள்ளைத்தாய்ச்சியாய் இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நிறுத்துவது வழக்கம். மாடு தன் உடம்பை உராய்ந்து தினவு தீர்க்க ஆவுரஞ்சி. அருகே கேணி, நிழலுக்கு மரம், தங்க மடம். மனிதருக்கு என்ன வேண்டும், மாட்டுக்கு என்ன வேண்டும், துக்கத்துக்கு என்ன வேண்டும் என்று மூன்றையும் ஒரே இடத்தில் நினைத்தவர் யார்? பொறியியலாளரா, கலைஞரா, பக்தரா? அந்தக் காலத்தில் இக்கேள்வியே எழுந்திராது.

இப்போது தூரத்து ஊர் ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன். இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டிய கதை இது.

1947இல் பஞ்சாப் இரண்டாகப் பிரிக்கப்பட்டபோது அதன் தலைநகரான லாகூர் பாகிஸ்தானுக்குப் போயிற்று. இந்தியப் பக்கத்துப் பஞ்சாபுக்கு ஒரு தலைநகர் தேவைப்பட்டது. அதற்காகப் புதிதாகக் கட்டப்பட்டதே சண்டிகார். 1951 முதல் அதை வடிவமைத்தவர் உலகப் புகழ்பெற்ற கட்டடக்கலைஞர் லே கோர்புசியே. நகரம் நீளம் 1200 மீற்றர், அகலம் 800 மீற்றர் கொண்ட சதுக்கங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம். நேரான வீதிகள், ஒழுங்கான மரங்கள். அந்த நகருக்கு இடம்விட, அங்கே ஏற்கனவே இருந்த இருபதுக்கும் மேற்பட்ட விவசாயக் கிராமங்கள் இடிக்கப்பட்டன. அகதிகளுக்கு நம்பிக்கை தரக் கட்டிய நகரம் வேறு பலரை அகதிகளாக்கியது. இந்த வேடிக்கை நமக்குப் புதிதல்ல.

அந்த நகரின் பொதுவேலைப் பகுதியில் வீதி மேற்பார்வையாளராக வேலை செய்தவர் நெக் சந்த். பாகிஸ்தானுக்குப் போன பகுதியில் இருந்த ஒரு கிராமத்தில், விவசாயக் குடும்பத்தில் 1924இல் பிறந்தவர். பிரிவினையில் ஊரைவிட்டு வந்தவர். கலைக்கல்லூரிப் படி மிதித்தவரல்லர். இடிக்கப்பட்ட கிராமங்களின் குப்பைமேடுகளை அவர் பார்த்தார். உடைந்த ஓடு, பானை, பீங்கான், கண்ணாடி வளையல், சைக்கிள் சட்டம், மின்குமிழ் தாங்கி எல்லாம் அங்கே கிடந்தன. அவற்றைச் சைக்கிளில் கட்டிச் சுமந்துசென்று, எவரும் எதையும் கட்டக்கூடாதென்று ஒதுக்கப்பட்டிருந்த காட்டுப்பள்ளம் ஒன்றில் சேர்த்தார். 1950களின் பிற்பகுதியில் தொடங்கி, வேலை முடிந்த பின், இரவிரவாக அங்கே மனிதர், மிருகம், பறவை என்று உருவங்கள் செய்தார். சுற்றிச் சுவரும் முற்றமும் ஒழுங்கையும் அமைத்தார். ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகள் அதிகாரிகளுக்குத் தெரியாமல் இது நடந்தது. தெரிந்தபோது அது பன்னிரண்டு ஏக்கர் அளவுக்கு வளர்ந்திருந்தது.

சட்டப்படி அதை இடித்திருக்க வேண்டும், அரச நிலத்தில் அனுமதியின்றி எழுந்தது அல்லவா? ஆனால் சனம் வந்து பார்க்கத் தொடங்கிவிட்டது. நகர நிருவாகம், புத்திசாலித்தனமாக, 1976இல் அதைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. நெக் சந்துக்குச் சம்பளமும் ஒரு பதவிப் பெயரும் ஐம்பது தொழிலாளரும் கொடுத்தது. 1984இல் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது. பின்னர் 1990இல் அதன் ஒரு பகுதியை இடித்து வீதி போட இயந்திரங்கள் வந்தபோது, நகரத்து மக்களே கைகோத்து மனிதச் சங்கிலியாக நின்று தடுத்தார்கள். அவர் 2015இல் இறந்தார். கற்பூங்கா இன்றும் இருக்கின்றது.

லே கோர்புசியே வரட்டுப் பொறியியலாளர் அல்லர். அவரே ஓவியர். சண்டிகார் சட்டசபைக்குப் பெரிய கதவில் சித்திரம் தீட்டியவர், நீதிமன்றச் சுவர்களுக்குத் திரைச்சீலை வடிவமைத்தவர். ஆகவே அந்நகரில் கலை இல்லாமல் இருக்கவில்லை. அந்த மண்ணை உழுதவரின் நினைவும், உடைந்த வீட்டைப் பார்த்தவரின் கையும் மட்டும் திட்டத்துக்குள் இடம்பெறவில்லை. அந்தக் கை திருடனைப்போல இரவில் வேலைசெய்ய நேர்ந்தது. ஒரு நகரத்தை அமைக்கும்போது வீதி மேற்பார்வையாளர் ஒருவரைக் கூப்பிட்டு, "இந்தக் கிராமங்களின் உடைவுகளை என்ன செய்யலாம்?" என்று கேட்பதற்கு எவருக்கும் தோன்றவில்லை. எமது பக்கத்திலும் இடிந்த வீடுகளின் கல்லையும் ஓட்டையும் அள்ளிப் பள்ளம் நிரப்பினோம், வீதிக்குப் போட்டோம். நானும் அப்படித்தான் செய்வித்தேன். வேறு என்ன செய்யலாமென்று அப்போது யோசிக்கவேயில்லை.

ஆரம்பத்திலேயே அழைத்த இடங்களும் உண்டு. அமெரிக்காவின் சியாற்றில் நகரம் 1973இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. நகரத்தின் பொதுக் கட்டுமானச் செலவில் நூற்றுக்கு ஒன்று கலைக்கு ஒதுக்கப்பட வேண்டும் என்பது அச்சட்டம். நல்ல சட்டம். ஆனால் பணம் மட்டும் இருந்தால், கட்டி முடித்த கட்டடத்துக்கு முன்னால் ஒரு சிலையை இறக்கிவைத்துவிட்டுப் போவதும் நடக்கும். ஆகவே அந்நகரில் ஒரு மின் உபநிலையம் அமைக்கும்போது மூன்று கலைஞர்களைக் கட்டடக்கலைஞரோடு ஒரே குழுவில் இருத்திப் பார்த்தார்கள். 1979இல் அது முடிந்தது. மின் உபநிலையம் என்றால் கம்பிவேலி, எச்சரிக்கைப் பலகை, எவரும் கிட்டப் போகாத இடம். அங்கேயே அயலவர் வந்து நின்று பார்க்கும்படி வர்ணமும் பாதையும் அமைந்தன. கிராமப்புறத்து முதிய தம்பதியர், எமில் கெர்க்கியும் வீவா கெர்க்கியும், பழைய தகரத்திலும் இரும்பிலும் செய்த காற்றாடிகளையும் அங்கே நாட்டினார்கள். பெயர்பெற்ற சிற்பியின் வெண்கலச் சிலை அல்ல, காற்றாடி! இதில் என்னைக் கவர்ந்தது அதுதான்.

சுவீடன் நாட்டில் ஸ்ரொக்ஹோம் நகரின் நிலக்கீழ் ரயில் நிலையங்களுக்குக் கலையைக் கொண்டுவர வேண்டுமென்று 1950களில் வாதாடிய ஓவியர்களுள் ஒருவர் சிறி டெர்க்கெற் என்ற பெண்மணி. 1965இல் திறக்கப்பட்ட ஒரு நிலையத்தின் கொங்கிறீற்றுச் சுவரிலேயே மணலை வேகமாகப் பாய்ச்சிக் கோடுகளைச் செதுக்குவித்தார். அவருக்கு அப்போது எழுபது வயது கடந்திருந்தது. சுவரை எப்படி வார்ப்பது என்ற பேச்சிலேயே ஓவியர் இருந்தால்தான் இப்படியொரு வேலை நடக்கும். இன்னொரு நிலையத்தில் 1975இல் திறந்த பகுதியில், பாறையைக் குடைந்து அதைக் கட்டிய ஒட்டுநர், தச்சர், சுரங்கத் தொழிலாளர் ஆகியோரின் நிழலுருவங்களையே சுவரில் நீலத்தில் தீட்டியிருக்கிறார்கள். நாம் நன்கொடையாளரின் பெயரைக் கல்லில் வெட்டுகிறோம். கல்லரிந்த கூலியாளின் பெயர் வரவுப் புத்தகத்தோடு போய்விடுகிறது.

எமது நாட்டில் ஜெப்ரி பாவா இதை அறிந்திருந்தார். அவரோடு வேலைசெய்த ஓவியர் லக்கி சேனநாயக்க, பாவாவின் அலுவலகத்தில் படம் கீறுபவராகவே பணிபுரிந்தவர். பற்றிக் கலைஞர் ஈனா டி சில்வாவின் துணிகள் பெந்தோட்டை விடுதியின் கூரையாகவே ஆயின. ஈனாவுக்குப் பாவா கொழும்பில் கட்டிய வீட்டைப் பிற்காலத்தில் கல்லுக்கும் தூணுக்கும் இலக்கமிட்டுக் கழற்றி, பெந்தோட்டைக்கு அருகே லுணுகங்கையில் மறுபடி எழுப்பினார்கள். நல்ல காரியம். எங்கள் வீடுகளின் கற்களுக்கு ஒருவரும் இலக்கமிடவில்லை என்பதை நினையாமல் அதை வாசிக்க என்னால் முடியவில்லை. பாவாவின் வேலைகளில் பல செல்வர்க்கும் உல்லாசப் பயணிகளுக்கும் ஆனவை. அந்த முறை மட்டும் ஏழைக்குக் கட்டும்போது ஏன் மறந்துபோகிறது?

"சுவாமி, எங்களுக்கு மலசலகூடம் இல்லை, நீங்கள் கலைஞரைப் பற்றிக் கதைக்கிறீர்கள்" என்று ஒரு சகோதரி ஒரு கூட்டத்தில் என் முகத்துக்கு நேரே கேட்டார். நியாயமான கேள்வி. அவருக்கு அன்று நான் சொன்ன பதில் திருப்தியானதல்ல. இப்போது சொல்வதானால் இப்படிச் சொல்வேன். மலசலகூடம் முதலில் வேண்டும், கிணறு முதலில் வேண்டும். ஆனால் பெண்கள் குளிக்கும் கிணற்றை வீதியோரத்தில், மறைப்பில்லாமல், குடம் வைக்கத் திட்டில்லாமல் கட்டிவிட்டு, பிறகு பழைய சேலையைக் கட்டி மறைத்துக்கொண்டு குளிக்கும்படி விட்டோமே, அதுவும் செலவுதான். அழகு என்பது பிறகு பூசுகிற பூச்சு என்று எண்ணுவதால் வருகிற பிழை இது. எங்கே வெயில் விழும், எங்கிருந்து காற்று வரும், யார் யாரை நேருக்கு நேர் பார்த்து இருக்கக் கூசுவார்கள், இழவு வீட்டுக்கு வந்தவர் எங்கே குந்துவார் என்பதையெல்லாம் பார்த்துப் பழகிய கண் வேண்டும். அந்தக் கண் உள்ளவரைத்தான் நான் கலைஞர் என்கிறேன்.

கலைஞரோடு வேலைசெய்வது இலகு என்று சொல்லமாட்டேன். கோபிப்பார்கள். சொன்ன நாளில் வரமாட்டார்கள். இரண்டு அண்ணாவியார்களை ஒரே கூட்டத்துக்கு அழைத்தால் கூட்டம் முடியாது. சிலர் ஊரை மறந்து தங்கள் பெயரையே கட்டிவைக்கப் பார்ப்பார்கள். அப்படிப்பட்டவரைப் பொறியியலாளர் தடுக்கத்தான் வேண்டும், ஊரும் தடுக்கத்தான் வேண்டும். இதைவிடப் பெரிய தடை காலக்கெடு. மார்கழிக்குள் பணத்தைச் செலவழித்து அறிக்கை அனுப்ப வேண்டும் என்ற அவசரத்தில் நிறுவனங்கள் ஆயத்தமாயிருக்கும் ஒரு படத்தை எடுத்து எல்லா ஊருக்கும் போடுகின்றன. கரையூருக்கும் காட்டூருக்கும் ஒரே மண்டபம். எமது அலுவலகமும் இதில் சுத்தமானதல்ல.

ஆகவே உங்களிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது. உங்கள் கிராமத்துக்குப் பொதுக்கட்டடமோ சந்தையோ நினைவிடமோ வருகிறதென்று அறிந்தால், அத்திவாரம் வெட்டுமுன் படத்தைக் காட்டச் சொல்லுங்கள். "படம் இன்னும் கீறவில்லை" என்றால் அதுவே நல்ல வேளை. கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு உங்கள் ஊரின் தச்சரையும் அண்ணாவியாரையும், பாய் இழைக்கும் கிழவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர்கள் பேசக் கூச்சப்படுவார்கள். வெள்ளைக் கடதாசியும் நாற்காலியும் போட்ட அறையில் அவர்களுக்கு வாய் வராது. தொழில்நுட்ப உத்தியோகத்தரைக் காணிக்குக் கூட்டிக்கொண்டு வந்தால் அவர்கள் பேசுவார்கள். அவர்கள் செலவழிக்கும் நாளுக்குக் கூலி கொடுக்க வேண்டுமென்று மதிப்பீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். மேசனுக்குக் கூலி, சாரதிக்குக் கூலி, அண்ணாவியாருக்கு மட்டும் தேநீரா?

சென்ற ஆண்டு இன்னொரு ஊரில் இதைச் செய்து பார்க்க ஒரு வாய்ப்பு வந்தது. பழைய அண்ணாவியார் இப்போது இல்லை. அவரிடம் மத்தளம் பழகிய ஒருவரை அழைத்தோம். படம் எதுவும் இல்லாமல், காலைநேரத்தில், பொதுக்காணியில் நின்றோம். அவர் நடுவில் ஒரு முளையை அடித்து, கயிற்றைக் கட்டி, நடந்து ஒரு வட்டம் போட்டார். கயிறு புளியமரத்தின் வேரில் இடறியது. மரத்தைத் தறிக்கலாம் என்றார் ஒருவர். கூடாது என்று பெண்கள் சத்தம் போட்டார்கள், மதியத்தில் பிள்ளைகள் இருப்பது அதன்கீழ்தான். முளையைப் பிடுங்கி எட்டடி தள்ளி அடித்தார். இப்போது வட்டம் உழவு இயந்திரம் வயலுக்குத் திரும்பும் பாதையில் விழுந்தது. விவசாயிகள் முணுமுணுத்தார்கள். தொழில்நுட்ப உத்தியோகத்தர் பொறுமையாகத் தன் கொப்பியில் அளவுகளை எழுதி, எழுதியதை வெட்டி, மறுபடி எழுதினார். வட்டத்தை எங்கே வைப்பதென்று அன்று தீரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூடுவதென்று முடிவாயிற்று. முளையை மட்டும் ஒருவரும் பிடுங்கக்கூடாது என்று சொல்லிவிட்டுக் கலைந்தோம்.